எதற்கென்று தெரியாத குழாய்கள்

செப்டம்பர் 1, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. பத்தொன்பது வயதான டீசல் பிக்கப். ஆர்.சி. புத்தகத்தில் நிறம் வெள்ளை. நேரில் பார்த்தால் புளித்த மோர். புரோக்கர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, நான் ஏதாவது கேட்பதற்குள் பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

வசந்தாமணியின் நாற்றுப் பண்ணைக்காக வாங்கியது. இதுவரை குழித்தட்டுகளை வாடகை ஆட்டோவில்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். பாதித் தக்காளி நாற்று வழியிலேயே தலை சாய்ந்துவிடும். நான் மே மாதம் ஓய்வு பெற்றேன். பள்ளிக்கூட இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருஷம் உதவியாளன். ஜூனிலிருந்து வீட்டு சுவிட்சுகளை எல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கும் ஒரு வேல ஆச்சுங்," என்றாள்.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. வேலை ஒன்று இருப்பது நல்லதுதான்.

அக்டோபர் 14-இல் எஃப்.சி. தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். அதற்குள் பானட்டுக்கு அடியில் இருப்பது ஒவ்வொன்றும் என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

செப்டம்பர் 2, திங்கள்

ஆய்வகத்தில் புதுக் கருவி வந்தால் செய்வது போலவே செய்தேன். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, எண் எழுதி, நூலில் கோத்து ஒவ்வொரு பாகத்திலும் கட்டினேன். இருபத்தேழு சீட்டுகள். ரேடியேட்டர், ஃபேன், ஆல்டர்னேட்டர், டீசல் ஃபில்டர் எல்லாம் சுலபம். மாலைக்குள் இருபத்திரண்டுக்குப் பெயர் எழுதிவிட்டேன்.

மீதி ஐந்து:

இன்ஜின் தலையிலிருந்து ஒரு பித்தளை வால்வு. தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் போடுவது மாதிரி. அதிலிருந்து தடித்த ரப்பர் குழாய் புறப்பட்டு, ஹார்லிக்ஸ் பாட்டில் அளவுள்ள ஒரு பித்தளைக் குப்பிக்குள் போகிறது. குப்பியிலிருந்து செம்புக் குழாய் இரண்டு, ஒன்று போக ஒன்று வர, வண்டிக்கு அடியில் ஓடிப் பின்தொட்டியின் முன்மூலையில் முடிகின்றன. முனைகளை போல்ட் திணித்து அடைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், சின்ன குக்கர் அளவில் இரும்புக் கலம். அதிலிருந்து சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய். அதுவும் பின்னால்தான் போகிறது.

அதிகப்படியாக ஒரு பேட்டரி.

கடைசியாக, செம்புக் குழாயின் மேல்வளைவில் ஒரு சின்னத் திருகு. அது எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. சும்மா இருக்கிறது. அதற்குப் பத்தொன்பதாம் எண் சீட்டு.

இந்த வண்டி பின்தொட்டியில் எதையோ செய்துகொண்டிருந்திருக்கிறது. என்ன அது?

செப்டம்பர் 3, செவ்வாய்

மிளகாய் நாற்று நாற்பது தட்டு, அரசூர். வண்டி நன்றாக ஓடுகிறது. இரண்டாவது பேட்டரியின் ஒயரைத் தொடர்ந்து போனேன். பின்தொட்டியில் ஒரு பல்பு ஹோல்டரில் முடிகிறது. சரக்கு வண்டியில் சரக்கு படிக்கவா போகிறது?

செப்டம்பர் 5, வியாழன்

அத்தாணி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் சென்னியப்பனிடம் காட்டினேன். டீசல் வண்டிகளில் கைதேர்ந்தவர். என் சீட்டுகளைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு குனிந்தார். குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

"வாத்தியாரே, இந்த இரும்புக் கலம் வேக்கம் டேங்க்குங்க, காத்த உறிஞ்சறது. பிரேக்குக்குப் போற வேக்கம் லைன்ல டீ ஜாயின்ட் போட்டு இழுத்திருக்கான். எவனோ வெவரமான ஆளு."

"நான் வாத்தியார் இல்லைங்க. லேப் அசிஸ்டென்ட்."

"ரெண்டும் ஒண்ணுதான். இந்தப் பக்கம் இன்ஜின் சுடுதண்ணிய பின்னால கொண்டு போறான். செம்புக் குழாயி. வேக்கம். சுடுதண்ணி." குரலைத் தாழ்த்தினார். "மலையில சாராயம் காச்சுன வண்டியா இருக்குமுங்க."

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. காற்றை உறிஞ்சிவிட்டால் சாராயம் நாற்பது டிகிரிச் சூட்டிலேயே கொதித்துவிடும். நெருப்பே வேண்டாம், புகை வராது. வண்டி ஓட ஓடக் காய்ச்சலாம். யோசித்தவன் என்னைவிடப் புத்திசாலி.

வசந்தாமணியிடம் சொன்னேன். "நாத்துத் தட்டுல சாராய வாட வருதான்னு மோந்து பாக்கறேன் இருங்," என்றாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

சோதனை. செம்புக் குழாய்களின் அடைப்பை எடுத்து, இரண்டையும் ஒரு ரப்பர் குழாயால் இணைத்தேன். இன்ஜினை ஓடவிட்டு, வால்வைத் திறந்து, குழாயோடு தெர்மாமீட்டரைத் துணி சுற்றிக் கட்டினேன். (ஓய்வு பெற்ற அன்று ஹெச்.எம். கொடுத்த தெர்மாமீட்டர். மற்றவர்களுக்குக் கடிகாரம் கொடுப்பார்கள்.)

நாற்பது டிகிரி. ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் நாற்பது. அரை மணி கழித்தும் நாற்பது. இன்ஜினுக்குள் தண்ணீர் எண்பதுக்கு மேல் இருக்கிறது. பின்னால் மட்டும் நாற்பதைத் தாண்டவில்லை.

இன்ஜின் ஆறியபின் பித்தளைக் குப்பியைத் திறந்தேன். உள்ளே பிஸ்கட் போல ஒரு உலோக வில்லை. சூடானால் உப்பி, ஒரு நெம்புகோலைத் தள்ளி, வெந்நீர் வழியை மூடிவிடுகிறது. ஆறினால் சுருங்கித் திறந்துவிடுகிறது. கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியில் இருக்கும் வில்லை! எங்கள் பள்ளிக் கண்காட்சியில் வைத்திருந்தோம்.

அப்படியானால் முட்டையா? குஞ்சு பொரித்துக்கொண்டே ஊர் ஊராகப் போவார்களா?

வேக்கம் குழாயையும் பார்த்தேன். முனையில் ஊசி வால்வு ஒன்று இருக்கிறது. இழுப்பைக் குறைக்க மட்டுமே அது பயன்படும். உள்ளங்கையை வைத்தேன். கன்றுக்குட்டி விரலைச் சப்புவது போல அவ்வளவு மெதுவாக இழுத்தது. இதை வைத்துச் சாராயம் காய்ச்ச முடியாது. முட்டைக்கும் இது எதற்கு?

மிக மெதுவாக எதையோ உறிஞ்ச வேண்டியிருந்திருக்கிறது. மிகச் சரியாக நாற்பதில் எதையோ வைக்க வேண்டியிருந்திருக்கிறது. இராத் தூக்கம் வராது போலிருக்கிறது, ஆர்வத்தில்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வசந்தாமணிதான் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் படித்தாள். பழைய உரிமையாளர்: ஜடையப்பா, எலஞ்சிமேடு, கடம்பூர் மலை.

"நேர்ல போயிக் கேட்டா தெரிஞ்சுட்டுப் போகுது. ஞாயித்துக்கெழம போலாமுங்."

மழைக்காலம், பாதை சரியிருக்காது என்றேன்.

"இன்னும் மழையே ஆரம்பிக்கலைங்."

93-இல் ஒரு வருஷம் நான் மலைப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அந்தப் பாதை எனக்குத் தெரியும். நவம்பரில் மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கினோம். அதன் பிறகு மேலே போக வேண்டிய வேலை எதுவும் வரவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

மலைக்குப் போகவில்லை. முன்சக்கர பேரிங்கில் கிரீஸ் மாற்றினேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஜடையப்பா வாகனத்தை விற்ற தேதி, இந்த வருஷம் மாசி. மீன் வியாபாரியாக இருக்குமோ? மீனுக்குக் குளிர்தான் வேண்டும். பட்டுப்புழு? அதற்கு இருபத்தைந்து போதும். பால் உறை ஊற்றவா? நாற்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. உறிஞ்சுவது எதற்கு?

வசந்தாமணியிடம் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே பப்பாளி விதையை ஒவ்வொன்றாகக் குழியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போகலைன்னா நா பஸ்ஸேறிப் போறேன்," என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

போனோம்.

எலஞ்சிமேடு தார் ரோடு முடியும் இடம். முப்பது வீடு இருக்கும். ஜடையப்பா தை மாதம் இறந்துவிட்டாராம்; மாசியில் வண்டியை விற்றது வீட்டார்தானாம். வண்டியைப் பார்த்ததும் அவர் மனைவி ஓடிவந்து பானட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அவருக்குத் தமிழ் குறைவு. பக்கத்து வீட்டிலிருந்து கெம்பம்மா வந்தார். அந்த ஊருக்கும் அதற்கு அப்பால் உள்ள காட்டு ஊர்களுக்கும் அவர்தான் கிராம நர்ஸ். பதினெட்டு வருஷமாக இங்கேயே இருக்கிறாராம்.

பானட்டைத் திறந்து என் சீட்டுகளைக் காட்டினேன். இது எதற்கு, இது எதற்கு என்று கேட்டேன். அவர் எங்களை ஜடையப்பா வீட்டுக்குள் கூட்டிப் போனார். மூலையில் பலாமரப் பெட்டி ஒன்று. திறந்தால் ராகி. ராகியை முறத்தில் அள்ளி வெளியே போட்டார்கள். அடியில் அலுமினியத் தகடு, தகட்டுக்குக் கீழே வளைந்து வளைந்து செம்புக் குழாய்.

"இதுக்குத்தான் சார். கொழந்தைங்களுக்கு."

எனக்குப் புரியவில்லை.

"தொட்டிக்காட்டுல, அதுக்கு மேல இருக்கிற ஊருல எல்லாம், மாசம் முழுசா ஆகறதுக்கு முன்னாலயே பொறந்துடும் சில கொழந்தைங்க. ஒண்ணேகால் கிலோ, ஒண்ணரைக் கிலோ. கீழ ஆஸ்பத்திரில வெச்சுட்டா பொழச்சுக்கும். அது வரைக்கும் கொண்டு போறதுதான் பாடு. ஆம்புலன்ஸ் இந்த ரோட்டு முனை வரைக்கும் வரும். அதுக்கு மேல ஒம்பது கிலோமீட்டர் மண்ணு. ஜடையப்பா கோழிப்பண்ணைல வேல பாத்தவரு. குஞ்சுக்குச் சூடு வெக்கற மாதிரி கொழந்தைக்கு வெக்கக்கூடாதான்னு கேட்டாரு. அவரே செஞ்சாரு. இந்தச் சின்னக் குழாயி, மூக்குல வாயில சளி அடைச்சா எடுக்கறதுக்கு. மொதல்ல அவரு நாக்குலதான் வெச்சுப் பாத்தாரு, வலிக்குதான்னு."

நான் பத்தொன்பதாம் எண் திருகைப் பற்றிக் கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றார்.

வசந்தாமணி பெட்டிக்குள் கையை விட்டுத் தகட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏஞ் சிஸ்டர், மழையில எறக்கிக் கொண்டு போற கொழந்த பொழைக்கலைன்னா, கூட வர்றவங்க என்ன பண்ணியிருந்தாலும், அந்தக் குளுருதான் காரணமாயிருமா?"

"பாதிக்கு மேல குளுருதாம்மா. மத்தவங்க மேல தப்பே கெடையாது. சூடு இல்லாட்டி யாரு என்ன பண்ண முடியும்?"

வசந்தாமணி ஏன் கேட்டாள் என்று நர்ஸ் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஜடையப்பாவின் மனைவி பெட்டியை எடுத்துப் போகச் சொன்னார். ராகியைச் சாக்கில் மாற்றிக்கொண்டார்.

இறங்கும்போது இருபத்தேழு வளைவுகள். எண்ணிக்கொண்டே வந்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தேன். பிறகு மறுபடியும் சுத்தம் செய்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

சென்னியப்பன் பட்டறை. சாராயம் இல்லை என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. விஷயம் முழுவதும் கேட்டபின் கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி பானட்டுக்குள் குனிந்தார்.

"நல்ல மனுஷன். ஆனா எஃப்.சி.ல நிக்கோணுமுங்க. பிரேக் லைன்ல கை வெச்சிருக்கு. எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டு கம்பெனில வந்த மாதிரி பண்ணிடலாம். அரை நாள் வேல. திங்கக்கெழம வுட்டுட்டுப் போங்."

சரி என்றேன். அவர் சொன்னதில் தவறில்லை. நமக்கு வேண்டியது நாற்று ஏற்றும் வண்டி.

வீட்டில் சொன்னேன். வசந்தாமணி சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் குண்டாவிலேயே வைத்தாள்.

"கழட்டுனீங்கன்னா அந்த வண்டில நா ஏற மாட்டேன்."

"எஃப்.சி. கிடைக்காம வண்டிய வெச்சு என்ன பண்றது?"

"எனக்குத் தெரியாதுங். கழட்டக் கூடாது."

முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் காரணம் சொல்லாமல் எதுவும் கேட்டதில்லை. நானும் காரணம் கேட்கவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

பட்டறைக்கு விடவில்லை. பெட்டியைத் தொட்டியில் பொருத்திப் பார்த்தேன். நான்கு போல்ட். முதலில் கசிந்தது, வாஷர் மாற்றியதும் நின்றது. உள்ளே தெர்மாமீட்டர் வைத்து மூடினேன். தகட்டின் மேல் துணி, துணியின் மேல் முப்பத்தேழு. வசந்தாமணி கையை வைத்துப் பார்த்தாள். எடுக்க மனமில்லாமல் வைத்திருந்தாள்.

கெம்பம்மாவுக்குப் போன் செய்து, வண்டி பழையபடி இருக்கிறது, அவசரம் என்றால் கூப்பிடுங்கள் என்று சொன்னது நான் அல்ல. அவள்தான்.

அக்டோபர் 3, வியாழன்

காலை ஏழரைக்கு கெம்பம்மா கூப்பிட்டார். தொட்டிக்காட்டில் பொம்மி என்ற பெண்ணுக்கு ஏழாம் மாசத்திலேயே விடியற்காலையில் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. ஆம்புலன்ஸ் எலஞ்சிமேட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் இரண்டு நாள் மழையில் நடுவழி ஓடைப் பள்ளத்தில் தண்ணீர். அதைத் தாண்ட முடியாது. இரவே நடந்து தொட்டிக்காட்டுக்குப் போய்விட்டதாகவும், தன் வயிற்றோடு குழந்தையை ஒட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார்.

வசந்தாமணி செருப்புக்கூடப் போடாமல் வண்டியில் ஏறினாள்.

பள்ளத்தில் தண்ணீர் சக்கரத்தின் பாதி. முதல் கியரில், விடாமல், ஒரே அழுத்தாக ஏறிவிட்டேன். தொட்டிக்காட்டுக்குப் போனபோது மணி பத்தேகால். அந்தக் குழந்தை என் முழங்கை முதல் விரல்நுனி வரைகூட இல்லை. பெட்டிக்குள் வைத்தார்கள். தொட்டிக்கு மேல் தார்ப்பாய் கட்டினோம். பின்னால் பொம்மி, கெம்பம்மா, வசந்தாமணி. முன்னால் நான் மட்டும்.

மழை பிடித்தது. அன்றைக்கும் இப்படித்தான்.

மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு செங்குத்தான ஏற்றம். அதைத் தாண்டியதும் வசந்தாமணி பின்கண்ணாடியை அடி அடியென்று அடித்தாள்.

"சூடு கொறையுதுங்! முப்பத்தஞ்சு! முப்பத்துநாலரை!"

நிறுத்தி பானட்டைத் தூக்கினேன். வால்வு திறந்துதான் இருந்தது. குப்பி கொதிக்கிறது, அதிலிருந்து வரும் குழாய் சில்லென்றிருக்கிறது. தண்ணீர் நகரவில்லை. ஏன் நகரவில்லை? மழை இன்ஜின் மேல் விழுந்து ஆவியாகி எதுவும் தெரியவில்லை. முப்பத்து நான்கு வருஷமாக ஒவ்வொரு வகுப்பிலும் கண்ணாடிக் குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் தண்ணீர் இறங்காது என்று பார்த்துப் பார்த்துத் தட்டி வெளியேற்றியவன் நான். ஏற்றத்தில் வண்டி சாய்ந்தபோது மேல்வளைவில் காற்று போய் உட்கார்ந்துகொண்டது. மேல்வளைவில் என்ன இருக்கிறது? பத்தொன்பதாம் எண்.

திருகை அரைச் சுற்றுத் திருப்பினேன். புஸ்ஸென்று காற்று, பிறகு துப்பித் துப்பி, பிறகு என் கை மேல் சூடாகத் தண்ணீர். மூடினேன். குழாய் என் விரலுக்கடியில் சூடேறிக்கொண்டே போனது. ஜடையப்பாவை நான் பார்த்ததில்லை. ஆனால் இதே ஏற்றத்தில் அவரும் ஒருநாள் இப்படி மழையில் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு இந்தத் திருகை வைத்திருக்கிறார்.

"முப்பத்தஞ்சரை... முப்பத்தாறு. போலாமுங், போலாம்!"

பள்ளத்துக்கு அருகில் குழந்தைக்கு மூச்சு அடைத்திருக்கிறது. எனக்கு எதுவும் தெரியாது. கெம்பம்மா சின்னக் குழாயை வைத்து எடுத்திருக்கிறார். பிறகு அழுகைச் சத்தம் கேட்டது, பூனைக்குட்டி போல. அதைக் கேட்டுக்கொண்டேதான் தண்ணீரைத் தாண்டினேன்.

ஆம்புலன்சில் இருந்தவர் குழந்தையை வாங்கி, அதன் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, "நல்ல சூடா இருக்கே!" என்றார். அவர் குரலில் ஆச்சரியம் இருந்தது.

வசந்தாமணி அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 5, சனி

குழந்தை ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறது. தக்காளி நாற்று அறுபது தட்டு, பவானிசாகர்.

அக்டோபர் 14, திங்கள்

எஃப்.சி. ஆய்வாளர் நடுவயதுக்காரர். பானட்டைத் திறந்ததும் சீட்டுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் படித்தார். "யாரு எழுதுனது?" என்றார். நான்தான் என்றேன். எது எதற்கு என்று மறைக்காமல் சொன்னேன். சென்னியப்பன் பின்னால் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் முழுவதும் கேட்டார். பிறகு வேக்கம் டேங்கின் மேல் விரலை வைத்தார்.

"இத எடுத்துருங்க. எந்த நல்ல காரியத்துக்குன்னாலும் பிரேக்குக்குப் போற லைன்ல கூடாது. இந்த லைன் ஓட்ட விழுந்தா பெட்டில இருக்கற கொழந்தைக்கும் ஆபத்து, எதுத்தாப்புல வர்றவனுக்கும் ஆபத்து."

அவர் சொன்னது நியாயம். அங்கேயே சென்னியப்பன் கழற்றி, லைனை அடைத்தார். காலால் மிதித்து உறிஞ்சும் கருவி தனியாகக் கிடைக்கிறதாம்; கெம்பம்மாவிடம் கேட்டு வாங்க வேண்டும்.

"வெந்நீர்க் குழாயிங்க சார்?" என்றார் சென்னியப்பன்.

"அது ஹீட்டர். ஹீட்டர் இருக்கலாம்." பிரேக்கை மூன்று முறை சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அக்டோபர் 22, செவ்வாய்

கெம்பம்மா போன் செய்தார். குழந்தை ஒன்றே முக்கால் கிலோ ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நம் வண்டியில்தான் போக வேண்டும் என்று பொம்மி சொல்லிவிட்டாளாம்.

"பேரும் வெச்சாச்சு சார். மைதிலி. உங்க வீட்டம்மா அன்னிக்கு வழி நெடுக அப்பிடித்தான் கூப்புட்டுக்கிட்டே வந்தாங்க. ‘மைதிலி, கண்ணத் தொற. மைதிலி, இங்க பாரு’ன்னு. அந்தப் பேரே இருக்கட்டும்னு பொம்மி சொன்னா. யாரு பேரு சார் அது?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

வசந்தாமணி நிழல்வலைக்குள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். அவள் ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசைக்குப் போனாள். நானும் கூடவே போனேன்.

"மைதிலி யாரு?"

பூவாளி நின்றது. தண்ணீர் மட்டும் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"நம்ம புள்ளைங்."

அவளுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. நான்கு மணி நேரம்தான் இருந்தாள். அதற்குள் யாருக்குப் பெயர் தோன்றும்? ஆஸ்பத்திரிச் சீட்டில்கூடப் பெண் குழந்தை என்று மட்டும்தான் எழுதினார்கள். அந்தச் சீட்டைக் கிழித்தவன் நான். இந்த நாட்குறிப்பிலும் அவளை நான் எழுதியதில்லை, முப்பத்தோரு வருஷமாக.

"எப்ப வெச்ச?"

"அன்னிக்கு மலையெறங்குன லாரில வெச்சனுங். நீங்க முன்னால டிரைவர் பக்கத்துல இருந்தீங்க. நா பின்னால, தார்ப்பாயிக்குள்ள. சேலைக்குள்ள வெச்சுப் பொத்தியும் குளுந்துட்டே போச்சு. பேரு சொல்லிக் கூப்புட்டா கண்ணத் தொறந்து பாக்கும்னு நெனச்சேன்."

நான் பூவாளியை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன்.

"பாத்துச்சா?"

"பாத்துச்சுங்," என்றாள்.